தாங்குவது எது? அடக்குவது எது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி முடிந்து பத்திரிகையைப் பிரித்த சமயத்தில் நண்பர் ஒருவர் கையில் ஒரு சீட்டுடன் வந்து சேர்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவரிடம் ஒரு சிறிய கார் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் அதைப் பட்டறையில் விட்டு எடுத்தபோது கொடுத்த பில்தான் அந்தச் சீட்டு.

"இதைப் பாருங்கள் ஸார்! பின்னால் இரண்டு ஷாக் அப்ஸார்பர் மாற்றினதற்கு ஒரு தொகை. முன்னால் இரண்டு மாற்றினதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஏன் என்று கேட்டால், 'முன்னால் இருப்பது ஷாக் இல்லை ஸார், ஸ்ட்ரட்' என்கிறார்கள். இரண்டும் எண்ணெய் ஊற்றிய குழாய்தானே? பெயரை மாற்றிச் சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள்!"

"வண்டி இப்போது நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்டேன்.

"துள்ளல் நின்றுவிட்டது. ஆனால் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. நம்முடைய ரோடு அப்படி!"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டும் குழாய்தான். இரண்டுக்குள்ளும் எண்ணெய்தான். காரின் அடியில் குனிந்து பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தோன்றும். ஆனால் விலை விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்றவில்லை. அவருக்கு நஷ்டம் ஏற்பட்டது வேறோர் இடத்தில். பில்லில் இருந்ததைப் பார்த்துக் கோபப்பட்டாரே தவிர, பில்லில் இல்லாத ஒன்றை அவர் கவனிக்கவில்லை. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே நடக்கிற சங்கதியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

வில் வண்டியும் ஊஞ்சலும்

கட்டை வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு, தங்களுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருப்பது நன்றாகத் தெரியும். அச்சின் மேல் வண்டிச் சட்டம் நேராக உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லின் மேல் ஏறினால், கல்லே நம்மேல் ஏறினாற்போல் இருக்கும். வசதி படைத்தவர்கள் வில் வண்டி கட்டிக்கொண்டதன் ரகசியம் இதுதான். அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டைகளின் வளைவு நிமிர்ந்து கொடுக்கும்; தாண்டியதும் பழையபடி வளைந்துகொள்ளும். இன்றைக்கும் ஒரு லாரியின் பின்சக்கரத்தருகே குனிந்து பார்த்தால் இதே பட்டைகளைக் காணலாம்.

வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய அடியை அது ஜீரணித்துக்கொள்வதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அமுக்கினால் எழும்பும், எழும்பினால் மறுபடி தாழும். பட்டை வில்லில் இந்தத் தொல்லை குறைவு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதிலேயே துள்ளலில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. மாட்டின் வேகத்துக்கு அதுவே போதும். மோட்டாரின் வேகத்துக்குப் போதவில்லை. அதிலும் இப்போதைய கார்களில் பெரும்பாலும் இருப்பது சுருள் வில். ஒரே கம்பி, உராய்வதற்கு ஜோடி கிடையாது. அதைத் தன் போக்கில் விட்டால், இந்தத் தெருவில் பள்ளத்தில் விழுந்த கார் அடுத்த தெருமுனை வரையில் தலையாட்டிக்கொண்டே போகும்.

கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. குழந்தை இறங்கி ஓடிவிட்ட பிறகும் அது ஆடுகிறது. பாட்டி அந்த வழியாகப் போகிறவள், ஒரு கையை நீட்டிப் பலகையைப் பிடித்து நிறுத்துகிறாள். ஊஞ்சலைச் சுமப்பது உத்தரமும் சங்கிலியும். பாட்டியின் கை எதையும் சுமக்கவில்லை. ஆட்டத்தை அடக்கியதோடு சரி. அந்தக் கைதான் ஷாக் அப்ஸார்பர்.

பெயரில் உள்ள பிசகு

'ஷாக் அப்ஸார்பர்' என்றால் அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்வது என்று பொருள். தமிழில் 'அதிர்வு தாங்கி' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே பிசகு என்றுதான் சொல்வேன். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் வில். அதன் பிறகு வில் போடுகிற ஆட்டத்தை அடக்குவது ஒன்றுதான் இந்தக் குழாயின் உத்தியோகம். இங்கிலாந்துக்காரர்கள் இதை 'டாம்பர்' என்கிறார்கள். அடக்குவது என்ற பொருள் அதில் இருக்கிறது; எவ்வளவோ தேவலை. நாம் 'துள்ளல் அடக்கி' என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டுகளை இறுக்கமாக ஒன்றோடொன்று சேர்த்து, வண்டி துள்ளும்போது அவை உராயும்படி செய்தார். வில் வண்டியின் பட்டைகள் போகிறபோக்கில் செய்துவந்த வேலையைத் தனியே பிரித்து எடுத்துக் கொடுத்தார் என்று சொல்லலாம். ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் அதற்கு உரிமை பெற்று வியாபாரமாக்கினார். தட்டுகளுக்குப் பிறகு எண்ணெய் வந்தது. இன்றுவரை எண்ணெய்தான் நிலைத்து நிற்கிறது.

விஷயம் எளிது. மூடிய குழாய்க்குள் எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னஞ்சிறு துவாரங்களும் வால்வுகளும் இருக்கின்றன. பிஸ்டன் ஏறி இறங்க வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துவாரங்களின் வழியாகப் புகுந்து போயாக வேண்டும். ஆற்றில் குளிக்கும்போது நீருக்குள் கையை மெதுவாக வீசிப் பாருங்கள், நீர் வழி விடும். வேகமாக வீசினால் கையைப் பிடித்துக்கொள்ளும். அதே கதைதான். சக்கரம் எவ்வளவு வேகமாகத் துள்ளுகிறதோ அவ்வளவு பலமாக எண்ணெய் எதிர்க்கும். துள்ளலின் சக்தி எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் வெகுதூரம் ஓடி வந்த வண்டியின் ஷாக் குழாய் சுடுவது இதனால்தான். இன்னொரு நுணுக்கம்: சக்கரம் மேலே ஏறும்போது இந்தக் குழாய் சற்று விட்டுக்கொடுக்கும், கீழே திரும்பும்போதுதான் அழுத்தமாகப் பிடித்து இழுக்கும். பெரும்பாலான ஷாக்குகளை இப்படித்தான் அமைக்கிறார்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. நிற்கிற காரிலிருந்து பின்பக்கத்து ஷாக்கைக் கழற்றி எடுத்துவிட்டால் வண்டி ஓர் அங்குலம்கூடத் தாழாது. சக்கரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓட்டினால் தவளை மாதிரி போகும், ஆனால் நிற்கும். முன்னால் இருக்கிற ஸ்ட்ரட்டைக் கழற்றினாலோ சக்கரம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகச் சாய்ந்துவிடும்!

மக்பர்ஸனின் சிக்கனம்

ஸ்ட்ரட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் நல்ல வார்த்தை இருக்கிறது: முட்டு. குலை தள்ளிய வாழை சாயாமல் இருக்க ஒரு கம்பை நட்டு முட்டுக் கொடுக்கிறோமே, அது. வாழை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் கம்புதான். காரின் ஸ்ட்ரட்டும் அப்படியே. துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய் அதற்குள்ளே இருக்கிறது. ஆனால் அதன் முதல் வேலை முட்டுக் கொடுப்பது.

இந்த யோசனையோடு பெயர் சேர்ந்துபோன மனிதர் எர்ல் மக்பர்ஸன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், 1891-ல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் ஷெவர்லே கம்பெனி 'கேடட்' என்ற சிறிய காரை உருவாக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. விலை 1000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது லட்சியம். எடையும் குறைய வேண்டும், உறுப்புகளும் குறைய வேண்டும்.

அக்காலத்து நல்ல கார்களில் முன்சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். நடுவே வில், பக்கத்தில் ஷாக். நம் நாட்டில் ஓடிய பழைய ஃபியட் காரிலும் இந்த ஏற்பாடுதான். மக்பர்ஸன் மேல் கையை எடுத்துவிட்டார். எப்படியும் ஒரு குழாய் மேலும் கீழும் போய் வருகிறதே, அதையே கனமாகச் செய்து சக்கரத்தைப் பிடிக்க வைத்தால் என்ன என்று கேட்டார். குழாயின் அடியைச் சக்கரத்தின் கணுவோடு போல்ட்டுப் போட்டு இறுக்கினார். தலையைக் காரின் உடம்போடு பிணைத்தார். வில்லைக் குழாயைச் சுற்றியே உட்கார வைத்தார். ஓர் ஆள் மூன்று ஆள் வேலையைப் பார்த்தான்!

கேடட் கார் சந்தைக்கு வரவே இல்லை. 1947-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். மக்பர்ஸன் அதே ஆண்டு போட்டிக் கம்பெனியான ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டு கம்பெனி அறிமுகப்படுத்திய கான்ஸல், ஸெஃபிர் என்ற இரண்டு கார்களின் முன்சக்கரங்கள் ஸ்ட்ரட்டின் மேல் நின்றன. இதைப் போன்ற எண்ணம் 1920-களிலேயே இத்தாலியில் ஃபியட் கம்பெனியைச் சேர்ந்த ஃபோர்னாகாவுக்கும் தோன்றியிருந்தது. ஆனால் பெயர் தட்டிக்கொண்டு போனவர் மக்பர்ஸன்தான். அவர் 1960-ல் காலமானார். தம்முடைய முட்டுக் கம்பு உலகத்துச் சின்னக் கார்களையெல்லாம் தாங்கப்போகிறது என்பதை அவர் பார்த்துவிட்டுப் போகவில்லை.

அது பரவியதற்கு இன்னொரு காரணம் உண்டு. என்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களைச் சுழல வைக்கும் கார்கள் வந்தபோது, சக்கரங்களுக்கு நடுவே ஒவ்வோர் அங்குலமும் பொன்னாயிற்று. மேல் கை இல்லாத ஸ்ட்ரட், என்ஜினுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றது. 1983 டிசம்பரில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800 இப்படிப்பட்ட வண்டிதான். அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் பழகிய குடும்பங்கள் பல, தாங்கள் அறியாமலே ஸ்ட்ரட்டின் மேல் சவாரி செய்யத் தொடங்கியது அதில்தான்.

விலை ஏன் அதிகம் என்பதும் இப்போது விளங்கும். பின்பக்கத்து ஷாக்கின் தண்டைப் பார்த்தால் சுண்டுவிரல் கனம் இருக்கும். அதற்கு இழுபடுவதும் அமுங்குவதும்தான் வேலை. ஸ்ட்ரட்டின் தண்டு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். பெருவிரலைவிடச் சற்றுப் பெரியது. வண்டி திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் அந்தத் தண்டைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறது. அதைத் தாங்கியாக வேண்டும். இந்தப் பக்கவாட்டுத் தள்ளலைக் குறைப்பதற்காகவே பல கார்களில் சுருள் வில்லைக் குழாய்க்கு நேர் நடுவில் வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைக்கிறார்கள். 'கோணலாக மாட்டிவிட்டான்' என்று மெக்கானிக்கைத் திட்டிவிடாதீர்கள்! தலைப்பக்கத்தில் ஒரு பேரிங்கும் உண்டு; ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிறதல்லவா, அதற்காக.

உருவத்தைப் பார்த்து ஏமாறலாமா?

"அப்படியானால் குழாயைச் சுற்றி வில் இருந்தால் ஸ்ட்ரட், இல்லாவிட்டால் ஷாக், அவ்வளவுதானே?" என்றார் நண்பர். பலரும் இப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். இது சரியல்ல.

சென்னையில் தயாராகும் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு குழாய்கள், சுற்றிலும் சுருள் வில். பார்வைக்கு அசல் ஸ்ட்ரட்! ஆனால் சக்கரம் எந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவையல்ல. சக்கரத்தைப் பிடித்திருக்கும் தனிக் கைதான். ஆகையால் அவை ஷாக்கே. இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஜெர்மனியில் 1964-ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 காரின் முன்பக்கத்தில் ஸ்ட்ரட் உண்டு. அதைச் சுற்றி வில்லே கிடையாது. சுருள் வில்லுக்குப் பதிலாக முறுக்கிக் கொடுக்கும் ஒரு நீளக் கம்பி கீழே தனியாக இருந்தது. வில் இல்லாவிட்டாலும் சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்தது அந்தக் குழாய். ஆகவே அது ஸ்ட்ரட்.

நடுவில் ஒரு விசித்திரப் பிறவியும் உண்டு. 1948-ல் வந்த மாரிஸ் மைனர் காரில் ஷாக் என்பது குழாயே அல்ல. கை நீட்டிய ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டியின் கைதான் முன்சக்கரத்தின் மேல் கையாகவும் இருந்தது. ஷாக்கா, முட்டா என்று கேட்டால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்ல வேண்டியதுதான்! இப்படிச் சில்லறை விலக்குகள் இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை எடுத்துவிட்டால் சக்கரம் தன் நிலையில் நிற்குமா, நிற்காதா?

தளர்ந்துபோனால்

இரண்டுக்கும் முதுமை ஒரே மாதிரிதான் வருகிறது. எண்ணெய் கசியும், வால்வு தேயும். குழாயின் மேல் புழுதி ஈரமாக அப்பிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பானெட்டின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி நன்றாக அமுக்கிவிட்டுச் சட்டென்று எடுத்துப் பாருங்கள். வண்டி எழுந்து ஒருமுறை தாழ்ந்து நின்றால் சரி. இன்னும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயுள் முடிந்தது. ஆனால் ஆடவில்லை என்பதால் குழாய் நன்றாயிருக்கிறது என்று தீர்மானித்துவிடவும் கூடாது. டயரையும் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையில் உருளாமல் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சௌகரியக் குறைவுதானே, போகட்டும் என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் பிரயோசனமில்லை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புத்தான். மேடுபள்ளமான சாலையில், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது, தளர்ந்த ஷாக் உள்ள கார் நிற்பதற்கு இன்னும் சில அடி தூரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

அந்த நடு நட்டு

சொந்தக் கையால் ஸ்பானர் பிடிப்பதில் ஆசையுள்ள வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இது. பின்பக்கத்து ஷாக், வில்லோடு சேராமல் தனியாக இருக்கிற கார்களில், பழக்கம் உள்ளவர்கள் மேலும் கீழும் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். ஸ்ட்ரட் அப்படி அல்ல. பல கார்களில் பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும்: சுற்றிலும் சில சிறு நட்டுகள், நடுவே ஒரு பெரிய நட்டு. சுற்றியுள்ளவை ஸ்ட்ரட்டைக் காரோடு பிணைப்பவை. நடுவில் உள்ளது, அமுக்கி வைத்திருக்கும் சுருள் வில்லைப் பிடித்து நிறுத்துவது. அதற்கென்று உள்ள கவ்விகளைப் போட்டு வில்லை இறுக்காமல் அந்த நடு நட்டைக் கழற்றினால், வில் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாயும். இதனால் கை முறிந்தவர்களும் உயிரையே இழந்தவர்களும் உண்டு. கவ்வி சரியாகப் பிடிக்காமல் நழுவினாலும் அதே கதிதான். ஸ்ட்ரட் மாற்றும் கூலியில் ஒரு பங்கு இந்த அபாயத்துக்குரியது. அதில் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

நண்பர் சமாதானம் அடைந்தார். "சரி, எனக்கு நஷ்டம் என்றீர்களே, அது என்ன?" என்றார்.

அவருடைய பில்லை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பின்னால் இரண்டு ஷாக், முன்னால் இரண்டு ஸ்ட்ரட், கூலி. அவ்வளவுதான். வீல் அலைன்மென்ட் என்ற வரியே இல்லை. பின்னால் மாற்றியவை அடக்கும் கைகள். அவற்றை மாற்றுவதால் சக்கரத்தின் நிலை மாறாது. முன்னால் மாற்றியது முட்டுக் கம்பு. கணுவோடு பிணைக்கும் போல்ட்டுகளின் துவாரத்தில் இம்மி இடைவெளி இருந்தாலும் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். முட்டை எடுத்து வேறு முட்டு வைத்தபின் வாழை நேராக நிற்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை! அவர் ரோட்டின் மேல் பழி போட்ட இடதுபக்க இழுப்பு இதுதான்.

இருவருமாக வாசலுக்கு இறங்கிப் போனோம். இடது முன்சக்கரத்து டயரின் ஓரத்தைக் கையால் தடவச் சொன்னேன். தடவியவர் பேசவில்லை. மூன்று வாரத்தில் வெளியூருக்கு இரண்டு தடவை போய்வந்திருக்கிறார். ஓரம் மழுங்கி, தொட்டால் அரம் மாதிரி இருந்தது.

மறுநாள் வேறோர் இடத்தில் அலைன்மென்ட் பார்த்து, போல்ட்டைத் தளர்த்தி, சாய்வைச் சரிசெய்து இறுக்கினார்கள். இழுப்பு நின்றுவிட்டது. செலவு, ஸ்ட்ரட் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. தேய்ந்த டயரை மட்டும் கழற்றி டிக்கியில் ஸ்டெப்னியாகப் போட்டு வைத்திருக்கிறார். புது டயர் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார். ஆனால் கோபத்தோடு அல்ல.